மெட்ராஸுக்கு ஓனர்

சென்னை மாநகரத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். இந்த விஷயம் சென்னைக்காரர்களுக்கே தெரியாது. அவர் திருப்பதியில் வேன் ஓட்டுகிறார்.

நிஜப் பெயர் அவருடைய ஆதார் அட்டையில் இருக்கலாம். நான் வேலை பார்க்கும் டிராவல்ஸ் ஆபீஸிலும் எதிர் டீக்கடையிலும் அவர் பெயர் ‘ஓனர்’. வேலைக்குச் சேர்ந்த அன்று, “ஓனர் வந்துட்டாரு” என்று யாரோ சொல்ல, முதலாளி என்று நினைத்து நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன்.

“உக்காரு நைனா. இந்த வண்டிங்களுக்கு ஓனரு வேற ஆளு. நான் மெட்ராஸுக்கு” என்றார்.

மலை மேல் தரிசனம் முடித்து இறங்குகிறவர்களுக்கு நாங்கள் ஊர் சுற்றிக் காட்டுவோம். திருச்சானூர், கபில தீர்த்தம், சீனிவாச மங்காபுரம், கடைசியாகச் சந்திரகிரிக் கோட்டை. கோயில்கள் வரும்போதெல்லாம் ஓனர் சீட்டில் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொள்வார். சந்திரகிரி நெருங்கியதும் மனிதர் மாறிவிடுவார். பக்கத்துக் கண்ணாடியில் தலை சீவுவார். சட்டையின் மேல் பித்தானைப் போடுவார். எல்லோரையும் இறக்கி, ராஜ மகாலுக்கு முன்னால் நிறுத்தி, சந்திரகிரி ராஜா இங்கிலீஷ்காரனுக்கு மெட்ராஸை எழுதிக் கொடுத்த ரூம் அதுதான் என்று ஒரு ஜன்னலைக் காட்டிவிட்டு, குரலை உயர்த்துவார்.

“மெட்ராஸ்காரங்க கை தூக்குங்க!”

தூக்கினால் தொலைந்தார்கள்.

“எந்த ஏரியா?”

“மயிலாப்பூர்.”

“மயிலாப்பூரு அப்ப போர்ச்சுகீசு கையில. நம்ம கணக்குல வராது. நீங்க அப்டி ஓரமா நில்லுங்க. நீங்க?”

“தாம்பரம்.”

“நாங்க மெட்ராஸ குடுக்கும்போது தாம்பரம்னு சொன்னா யாருக்கும் தெரியாதும்மா. நீங்களும் ஓரமா போங்க. நீங்க?”

“பாரிமுனைங்க.”

“வாங்க வாங்க! நம்ம எடத்து ஆளு!”

பிறகு விசாரணை. “எப்டி வெச்சிக்கினு இருக்கீங்க ஊர? கூவம் ஏன் அப்டி நாறுது? நாங்க குடுக்கும்போது நல்லாத்தான இருந்திச்சி?” வாடகைக்கு விட்ட வீட்டுச் சுவரில் ஆணி அடித்தவர்களைப் பார்ப்பது போல் பார்ப்பார். தரிசனம் முடித்து, மொட்டைத் தலையில் சந்தனம் காயாத ஒரு பாங்க் அதிகாரி, கூவத்துக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

இங்கே என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்களுக்கு ஊர் நகரி. அப்பா பவர்லூம் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான், அதுவும் சரித்திரம் படித்தவன். தப்பான சரித்திரம் காதில் விழுந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஆகவே ஒருநாள் டீக்கடையில் ஓனரை மடக்கினேன்.

“அண்ணே, இங்கிலீஷ்காரங்களுக்கு மொதல்ல எடம் குடுத்தது ராஜா இல்ல. அவருக்குக் கீழ இருந்த நாயக்கரு. ராஜா அப்புறமாத்தான் சம்மதிச்சாரு. அதுவும் எந்த ரூம்ல உக்காந்து சம்மதிச்சாருன்னு யாருக்கும் தெரியாது. நீங்க என்னமோ பக்கத்துல நின்னு பாத்த மாதிரி ஜன்னலக் காட்டுறீங்க.”

அவர் பொறுமையாக டீயை ஆற்றினார். “நீ ஆபீசுல உக்காந்து டிக்கெட்டு போடற இல்ல?”

“ஆமா.”

“அப்ப வேனு உன்துதா?”

“இல்லண்ணே.”

“நாயக்கரு டிக்கெட்டு போட்டவரு. வண்டி ராஜாவுது. போய் வேலயப் பாரு.”

அவர் பிறந்தது சித்தூர். சித்தூர் ஜில்லாவில்தான் சந்திரகிரி, சந்திரகிரி கொடுத்ததுதான் மெட்ராஸ், ஆகவே மெட்ராஸ் தன்னுடையது என்பது அவருடைய கணக்கு. இடையில் ஜில்லாவை இரண்டாகப் பிரித்து, சந்திரகிரியைத் திருப்பதியோடு சேர்த்துவிட்டார்கள். இனிமேலாவது அடங்குவார் என்று நினைத்து ஆபீஸில் எல்லோரும் துக்கம் விசாரித்தோம். “ஜில்லாவத்தான் பிரிச்சாங்க. மெட்ராஸ எங்ககிட்டருந்து பிரிச்சோம்னு எங்கனா எழுதிக்கீறாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வினை செல்போனில் வந்தது. வண்டியில் வந்தவர்கள் ஸ்டார் போடுகிறார்களே, அதில். ‘சாமி கும்பிட வந்தோம். டிரைவர் எங்களை வரிசையில் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறார்’ என்று ஒருவர். ‘என் மாமியாரைக் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார். மற்றபடி நல்ல சர்வீஸ்’ என்று இன்னொருவர்.

புது மேனேஜர் நெல்லூர்க்காரர். தெலுங்கில் யோசித்துத் தமிழில் பேசுகிறவர். ஓனரைக் கூப்பிட்டார்.

“ரேப்பு நுஞ்சி சந்திரகிரி ஒத்து. நாளையிலருந்து வேணாம். அந்த டைம்ல ஷாப்பிங் கூட்டினு போ.”

“சந்திரகிரி இல்லன்னா நான் ஸ்டீரிங்க தொடமாட்டேன் சார்.”

“சரே. தொடாத.”

இதை ஓனர் எதிர்பார்க்கவில்லை. முகம் சுண்டிவிட்டது. அவருக்கு இருந்தது அந்த வேன் ஒன்றுதான். வேனில் அவருக்கு இருந்தது அந்த ஒரு நிறுத்தம்தான். ஆனாலும் கதவருகே போனவர் திரும்பி வந்தார்.

“ஒரே ஒரு டிரிப்பு சார். நான் வாயத் தொறக்கல. ஜனங்க அவங்களா எறங்கினா ஸ்டாப்பு இருக்கட்டும். ஒருத்தரும் எறங்கலன்னா சாவிய உங்க டேபிள் மேல வெச்சிட்டு ஊருக்குப் போயிடறேன்.”

மேனேஜர் ஒப்புக்கொண்டார். இறங்குகிறவரைக்கும் ஓனர் ஒரு வார்த்தை பேசக்கூடாது. சாட்சிக்கு நான்.

மறுநாள் வந்தது வண்ணாரப்பேட்டைக் குடும்பம் ஒன்று. தலைவர் ரிட்டயர்டு தமிழாசிரியர். கூட மனைவி, மருமகன், சொந்தபந்தம் என்று வண்டி நிறைந்திருந்தது. வண்ணாரப்பேட்டை என்று காதில் விழுந்ததும் ஓனர் வாயைத் திறக்கப் போனார். உடனே ஒரு ஜெயராம் பாக்கைப் பிரித்து வாயில் கொட்டி உதட்டை மூடிக்கொண்டார். திருச்சானூரில் கழிப்பறை எங்கே என்று கேட்டதற்கும் கையைத்தான் காட்டினார்.

“பாவம், வாய் பேச வராது போல. வண்டி எவ்ளோ நல்லா ஓட்டுறாரு பாருங்க” என்றார் ஆசிரியரின் மனைவி.

ஓனரின் காது சிவந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

சந்திரகிரியில் வண்டி நின்றது. நான் எழுந்து சொன்னேன். “இது சந்திரகிரிக் கோட்டை. விருப்பப்பட்டா இறங்கிப் பாக்கலாம்.”

விருப்பம் எங்கிருந்து வரும்? கியூவில் நின்று கால் வீங்கியவர்கள், லட்டுப் பையைத் தலையணையாக வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். “கோட்டையா? எங்க வீட்டாண்டயே ஒண்ணு இருக்குதுப்பா” என்றது பின் சீட்டு. ஓனர் ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி ராஜ மகாலையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘இறங்கித் தொலைங்களேன்’ என்று கத்த வேண்டும் போலிருந்தது. நான் சாட்சி, கத்தக்கூடாது.

கடைசியில் ஆசிரியரும் மனைவியும் மருமகனும் எழுந்தார்கள். கோட்டைக்கு அல்ல. ரோட்டோரம் இளநீர் வண்டி நின்றிருந்தது.

மூன்று பேர் வருவதைப் பார்த்த இளநீர்க்காரர், கத்தியை ஓங்கியபடி ஆசிரியரைக் கேட்டார்:

“மூடா?”

ஆசிரியர் அப்படியே நின்றுவிட்டார். “என்னய்யா சொன்ன?”

“மூடா சார்?” இளநீர்க்காரர் இன்னும் மரியாதையாகக் கேட்டார்.

“யாரப் பாத்து மூடாங்கிற? சர்வீஸ் முழுக்க நான் பசங்களச் சொன்ன வார்த்தைய்யா அது! என்னையே சொல்றியா? அதுக்கு சார் வேற!”

“ஏமண்டி? மூடே கதா?”

“பாத்தியா மாப்ள, திரும்பத் திரும்பச் சொல்றான்!”

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்தார். இளநீர்க்காரர் கையில் கத்தி இருந்ததால் மறுபடி இறக்கிவிட்டுக்கொண்டார். ஆசிரியரின் மனைவி வண்டியைப் பார்த்து, “டேய், எல்லாரும் எறங்கி வாங்கடா! மாமாவ அடிக்கிறாங்க!” என்று ஒரு குரல் கொடுத்தார். அவ்வளவுதான். லட்டுப் பைகள் உருண்டன. தூங்கியவர்கள், கால் வீங்கியவர்கள், வீட்டாண்டையே கோட்டை வைத்திருந்தவர் எல்லோரும் தடதடவென்று இறங்கினார்கள். கடைசி ஆளின் கால் தரையில் பட்டதை ஓனர் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பாக்கைத் துப்பினார். கதவைத் திறந்து குதித்தார்.

“சார்! அவரு உங்கள மூடன்னு சொல்லல! மூணு காயான்னு கேக்குறாரு! தெலுங்குல மூணுன்னா மூடு!”

“ஐயோ, பேசுறாரே!” என்றார் ஆசிரியரின் மனைவி.

ஆசிரியர் விரலை மடக்கி எண்ணினார். “அப்ப ரெண்டு பேரா வந்திருந்தா?”

“ரெண்டுக்கு ரெண்டு பாஷயிலயும் ரெண்டுதான் சார். சண்ட கெடையாது. மூணுலதான் தகராறு.”

ஆசிரியர் வெடித்துச் சிரித்தார். இளநீர்க்காரருக்கு விஷயம் புரிந்ததும் அவரும் சிரித்தார். ஓனர் விடவில்லை. “அன்னிக்கும் இதே கததான் சார். ராஜாவுக்குத் தெலுங்கு. வந்தவனுக்கு இங்கிலீசு. குடுத்த எடத்துல இருக்குற சனத்துக்குத் தமிழு. ஒருத்தன் சொன்னது ஒருத்தனுக்குப் புரியாம, மூடா மூடான்னு கத்திக்கினேதான் மெட்ராஸே உண்டாச்சி. வாங்க காட்டறேன்!”

இப்படி எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. கையில் இளநீரோடு கும்பல் மொத்தமும் அவர் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

ராஜ மகால் ஜன்னலடியில் நின்று ஆசிரியர் கேட்டார். “இவ்ளோ சொல்றீங்களே, கடைசியா நீங்க மெட்ராஸ் வந்தது எப்ப?”

ஓனர் காலால் தரையைத் தேய்த்தார். “வந்ததில்ல சார்.”

“இதோ இருக்குற மெட்ராஸுக்கா?”

“குடுத்துட்ட எடம் சார். கூப்டாம எப்டி வர்றது?”

ஆசிரியர் அவர் தோளில் கை வைத்தார். “நான் கூப்புடறேன். வாங்க. வண்ணாரப்பேட்டைல நம்ம வீட்ல தங்குங்க. நானே சுத்திக் காட்டறேன்.”

ஓனர் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினார்.

சாயங்காலம் மேனேஜர் கேட்டார். “எத்தன பேரு எறங்குனாங்க?”

“எல்லாருமே சார்.”

“டிரைவர் ஏமைனா மாட்லாடினாரா?”

“எல்லாரும் எறங்குற வரைக்கும் ஒரு வார்த்த பேசல சார்.”

மேனேஜர் டிரிப் ஷீட்டில் சந்திரகிரியை மறுபடி எழுதினார். நிறுத்தம் நிலைத்தது.

ஓனர் லீவு போட்டு மெட்ராஸ் புறப்பட்ட அன்று பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். புதுச் சட்டை, மடிப்பு கலையாமல். ஜன்னல் சீட்டுக்காக ஒரு காலேஜ் பையனிடம் கெஞ்சி வாங்கி உட்கார்ந்திருந்தார்.

“ஏன் நைனா, போனவொடனே அங்க மொதல்ல இன்னா பாக்கறது?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

ஆபீஸுக்குத் திரும்பினால், அவர் வேனுக்குப் புது டிரைவர் ஒருவர் தயாராக நின்றார். வண்டி சர்வீஸுக்குப் போக வேண்டும் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, ஓனர் திரும்பி வரும்வரை சாவியை என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.