ராஜாவின் மனசாட்சி

"ராஜாவோட மனசாட்சிக்கு ஏன் டீச்சர் இருமல் வந்துச்சு?"

கேள்வி முதல் பெஞ்சிலிருந்து வந்தது. டீச்சர் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அங்கே தலைமையாசிரியை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேற்றைய நாடகத்தைப் பற்றிப் பிள்ளைகள் உருப்படியாக நாலு வார்த்தை பேசினால்தான் அடுத்த வருடமும் நாடகம், இல்லாவிட்டால் அந்த நேரம் கணக்குக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

நேற்று நடந்தது இதுதான். ராஜா வேஷம் போட்ட பெண் சிம்மாசனத்தின் முன்னால் வந்து கம்பீரமாக நின்றாள். பேசவில்லை. டீச்சருக்குக் கை கால் ஓடவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து முதல் வசனத்தை எடுத்துக் கொடுத்தாள். ராஜா வாயைப் பிளந்தபடி நின்றாள். டீச்சர் அடுத்ததையும் கொடுத்தாள். இப்படியே மொத்த நாடகமும் டீச்சர் குரலிலேயே நடந்து முடிந்தது.

இன்று விமர்சன வகுப்பில் முதலில் எழுந்தவள், "திரைக்குப் பின்னால பேசுனது ராஜாவோட மனசாட்சிதானே டீச்சர்? சூப்பர் ஐடியா!" என்றாள்.

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "மனசாட்சியேதான்!" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

இப்போது இருமல்.

"ராஜா தப்பு பண்றார்ல? அதான் மனசாட்சிக்கு உடம்பு சரியில்ல."

"அப்போ 'வாளை இறக்குடி, கண்ணைக் குத்திடும்'னு சொல்லுச்சே?"

"அது... போர் வேண்டாம்னு சொல்லுது."

"ராஜாவைப் போய் 'டி' போட்டா?"

"மனசாட்சிக்கு ராஜாவும் ஒண்ணுதான், மந்திரியும் ஒண்ணுதான்!"

பதில் டீச்சருக்கே பிடித்துப்போனது. அதுதான் வம்பாகிவிட்டது. ராஜா பக்கம், மனசாட்சி பக்கம் என்று வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

"மனசாட்சி அவ்வளவு கத்தியும் ராஜா ஏன் கேக்கல?"

"யாருதான் கேக்குறாங்க? நீ என் பென்சிலை எடுத்தப்ப உன் மனசாட்சி எங்க போச்சு?"

"எங்கப்பாவுக்கும் இப்படி ஒரு மனசாட்சி இருக்கு டீச்சர். சமையல்கட்டுலேருந்து பேசும்!"

தலைமையாசிரியை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, கோபமா, தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ராஜா கையைத் தூக்கினாள். வசனம் மறந்துபோச்சு என்று இவள் போட்டு உடைத்துவிட்டால் எல்லாம் போச்சு.

"நீ இரும்மா, அப்புறம் சொல்லலாம்."

கை இறங்கியது. மறுபடி ஏறியது.

"டீச்சர், நான்..."

"நீ என்ன சொல்ல வர்றேன்னு எனக்குத் தெரியும். ராஜா ஏன் மௌனமா இருந்தார்? குற்ற உணர்ச்சி! ரொம்ப நல்ல கருத்து. உக்காரு."

மணி அடித்தது. தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சிரிப்புதான்.

"நம்ம பிள்ளைங்க இப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல. அடுத்த வருஷம் ரெண்டு நாடகமா போடுங்க!"

டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சாக்பீஸ் டப்பாவை அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

வாசலுக்குப் போன தலைமையாசிரியை, ராஜாவின் கன்னத்தைத் தட்டினார். "அவ்வளவு நேரம் ஒரு வார்த்தை பேசாம நின்னியே, கஷ்டமா இல்லையாம்மா?"

"ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு மேடம். எனக்கு எல்லா வசனமும் மனப்பாடம். ஒவ்வொரு தடவையும் நான் வாயைத் திறக்குறதுக்குள்ள டீச்சர் பேசிட்டாங்க."