மேற்படி வீட்டில் கண்ட குறைகள்

வீடு வாங்குகிற எந்த மனிதனும் ஏமாந்துவிடக் கூடாது என்ற உயர்ந்த நோக்கத்தோடு அரசாங்கம் ஒரு விதி போட்டிருந்தது. முதலில் பரிசோதகர் வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அதை அலுவலகம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் பத்திரப் பதிவு. வீடு தேடிக்கொண்டிருந்த தையற்காரருக்கு இந்த விதி ரொம்பப் பிடித்திருந்தது. அளவெடுக்காமல் துணியில் கத்திரி வைக்காத மனிதர் அவர்.

அவரும் மனைவியும் குடியிருந்தது ஒற்றை அறை. தையல் மெஷினை நகர்த்தினால்தான் படுக்கை விரிக்க முடியும். அதையும் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். நல்லவேளையாக ஒரு வீடு அமைந்தது. ஓய்வுபெற்ற கப்பல் மெக்கானிக் ஒருவர் தன் கையாலேயே கட்டிய வீடு. மகள் வீட்டுப் பக்கமாகப் போய் இருக்கப்போவதால் விற்கிறார்.

குறித்த நாளில் பரிசோதகர் ஏணி, டார்ச், சுத்தியல், ரசமட்டம் சகிதம் வந்து சேர்ந்தார். சுவரைத் தட்டினார், காது வைத்துக் கேட்டார். குழாயைத் திறந்தார், தண்ணீர் வந்தது, மூடினார், நின்றது. மூன்று மணி நேரம் கழித்துக் கூரையிலிருந்து இறங்கியவரின் முகம், இழவு வீட்டுக்குப் போய் வந்த மாதிரி இருந்தது.

தையற்காரர் ஓடிப்போய் ஏணியை வாங்கிக்கொண்டார். "என்ன சார், ரொம்ப மோசமா?"

"மோசம்தான். ஒரு குறைகூட இல்ல."

"அது நல்லதுதானே?"

"உங்களுக்கு நல்லது. எனக்கு?" பரிசோதகர் படிவத்தை நீட்டினார். 'மேற்படி வீட்டில் கண்ட குறைகள்' என்ற தலைப்பின் கீழ் நாற்பது கட்டங்கள். "காலியா விட்டா கம்ப்யூட்டர் வாங்காது. குறை இல்லைன்னு எழுதினா அதிகாரி விடமாட்டார். போன வருஷம் ஒருத்தர் அப்படித்தான் எழுதினார். வீட்டுக்காரர்கிட்ட என்ன வாங்கினீங்கன்னு கேட்டதுக்கு இன்னும் பதில் எழுதிட்டிருக்கார்."

தையற்காரர் மனைவி கெட்டிக்காரி. "கதவு சத்தம் போடுதுன்னு எழுதிக்குங்களேன்."

"என் கதவா?" கப்பல் மெக்கானிக் எழுந்தே விட்டார். கதவைத் திறந்து மூடிக் காட்டினார். பூனை நடக்கிற சத்தம்கூட இல்லை. "பதினெட்டு வருஷமா வாய் திறக்காத கதவும்மா. அது மேல பழி போடாதீங்க."

பேசிப் பேசி, கூடத்துச் சுவரில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் என்று முடிவாயிற்று. அதுவும் எழுத்தில் மட்டும்.

அலுவலகத்தில் அதிகாரி அறிக்கையை மேலும் கீழும் பார்த்தார். "விரிசல் இருக்கே. அடைச்சுட்டு, கொத்தனார் சான்றோட வாங்க."

தையற்காரருக்குப் பொய் நிற்காத வாய். "உண்மையைச் சொல்லிடறேன் சார். விரிசலே கிடையாது."

"அப்போ அறிக்கை பொய்யா?"

பின்னால் நின்ற பரிசோதகர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். தான் தைத்த சட்டை கிழிவதைத் தையற்காரரால் பொறுக்க முடியாது. "இருக்கு சார். நல்ல விரிசல்."

"இருந்தா அடைங்க."

கொத்தனாரோ யோக்கியர். "இல்லாத விரிசலை அடைச்சேன்னு கையெழுத்துப் போடமாட்டேன். வேணும்னா ஒண்ணு போட்டு, அதையே அடைச்சுத் தரேன்."

அது நியாயமாகத்தான் பட்டது. உளி இறங்கவில்லை, சம்மட்டி வந்தது. மூன்றாவது அடியில் சுவர் பிளந்தது, பின்னாலிருந்த குழாயும் சேர்ந்து. பீறிட்ட தண்ணீர் நேராக மின்சாரப் பெட்டிக்குப் போயிற்று. அது 'டப்' என்றதும் கொத்தனார் பயந்து துள்ளினார். சம்மட்டி ஜன்னலுக்குப் போயிற்று.

"மெதுவா, மெதுவா, ஒவ்வொண்ணா போகட்டும்," என்று முழங்கால் தண்ணீரில் பின்னாலேயே ஓடி ஓடி எழுதினார் பரிசோதகர். அவர் முகத்தில் அப்படி ஒரு ஒளி. பத்தாவது கட்டம் வந்தபோது ஏதோ ஞாபகம் வந்து விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"கேளுங்க. முப்பது குறைக்கு உள்ளே இருந்தா எல்லாத்தையும் சரி பண்ணணும். முப்பதைத் தாண்டிட்டா, 'வாங்குபவர் தெரிந்தே வாங்குகிறார்'. எதையும் சரி பண்ண வேண்டாம். அன்னிக்கே பதிவு."

தையற்காரரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாதக் கடைசிக்கு இன்னும் இரண்டே நாள். மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சம்மட்டியை வாங்கினாள். தையற்காரர் கத்திரிக்கோலோடு கொசுவலைக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டார். கப்பல் மெக்கானிக் ஒரு மூலையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கட்டம் நாற்பதாயிற்றே, முப்பத்தொன்றில் யாரும் நிறுத்தவில்லை. முப்பத்தொன்பதில் எல்லோரும் களைத்துப்போய் நின்றபோது மெக்கானிக் எழுந்து வந்தார். "கட்டினது நான். கடைசி ஒண்ணு என் கையாலேயே போகட்டும்," என்று சமையலறை அலமாரியைச் சாய்த்தார். சாய்த்த பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்றவர்களுக்கும் அடக்க முடியவில்லை.

மறுநாள் அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தார். "என் சர்வீஸ்ல இப்படியொரு முழுமையான அறிக்கையைப் பார்த்ததில்ல." ஒரு நகலைச் சட்டம் போட்டு முன்மாதிரியாக அலுவலகச் சுவரில் மாட்டினார்கள்.

குடிபோன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். தையற்காரர் குடை பிடித்தபடி ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இப்படி ஏமாந்துட்டீங்களே?"

"யாரு ஏமாந்தது? இந்த வீட்டுல எது எது உடைஞ்சிருக்குன்னு எங்களுக்கு எழுத்துமூலமா தெரியும். அரசாங்க முத்திரையோட. உங்க வீட்டுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டுக்குத் திரும்பினார். கொஞ்ச நேரத்தில் அவர் தன் சுவரைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் அறிக்கை தடிமனாக இல்லாத வீட்டை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. 'குறை கம்மியாம், எதையோ மறைக்கிறாங்க' என்று பேசிக்கொண்டார்கள். மகள் வீட்டுப் பக்கத்தில் இடம் தேடிய கப்பல் மெக்கானிக்கேகூட உறுதியான இரண்டு வீடுகளை வேண்டாமென்று தள்ளிவிட்டார். கொத்தனாருக்குச் சாப்பிட நேரமில்லை.

ஒருநாள் கொத்தனார் வீட்டு வாசலில் அதிகாரியே வந்து நின்றார். "என் வீட்டை விக்கணும். ரெண்டே குறைதான் இருக்கு, எவனும் வாங்க மாட்டேங்கிறான். ஒரு முப்பத்தொண்ணு வர்ற மாதிரி பார்த்துப் பண்ணுங்க."

கொத்தனார் தலை நிமிராமல் சம்மட்டிக்குப் பிடி மாட்டிக்கொண்டிருந்தார். "வரிசையில வாங்க சார். உங்களுக்கு முன்னாடி பரிசோதகர் நிக்கிறார்."