நீலமேகம் மெஸ்ஸில் உப்பு கூடிய விவகாரம்

கோவளம் தாண்டி திருவிடந்தைக்குப் போகிற வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரமாக, நீலமேகம் மெஸ் என்று ஒன்று இருந்தது. பசித்தவர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், கை கழுவிக்கொண்டு போனார்கள். இப்படியொரு சீர்கேடு சாலையோரத்திலேயே பகிரங்கமாக நடந்துவந்தும், அது வெகுகாலம் அரசாங்கத்தின் கவனத்துக்கு வராமலே இருந்துவிட்டது.

மெஸ்ஸில் சமையல் வச்சலா. கல்லா, பரிமாறல், வாய்ச்சண்டை மூன்றும் அவள் புருஷன் நீலமேகம். காலையில் கரையில் எந்த மீன் ஏலத்துக்கு வருகிறதோ அதுதான் அன்றைய குழம்பு. “இன்னா மீனு?” என்று கேட்டால் “இன்னிக்கு மீனு” என்று பதில் வரும். மத்தியானமானால் அணுமின் ஆராய்ச்சி ஆபீஸ்காரர்களும், கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளும், வேன் டிரைவர்களும் வந்து நெருக்கியடித்து உட்காருவார்கள். இடம் கிடைக்காதவர்கள் நம் ஊர் வழக்கப்படி, சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். அவர் ரசத்துக்கு வந்துவிட்டாரா, மோருக்கு வந்துவிட்டாரா என்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள். அவர் மறுசோறு கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். இதைத் தவறாக எடுத்துக்கொண்டவர் யாருமில்லை. போன வாரம் அவரும் இன்னொருவர் பின்னால் நின்றவர்தானே.

கட்டடம் அரசாங்கத்துடையது. அதன் குத்தகையைப் புதுப்பிக்கும் காலம் வந்தபோதுதான் கடலோர உணவக நவீனமயமாக்கல் சிறப்புப் பிரிவிலிருந்து ஹரிகிருஷ்ணன் என்ற அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே வைஷாலி என்ற பெண்ணும் வந்தாள். அவள் உணவு அனுபவ ஆலோசகர். உணவுக்கு அனுபவம் தனியாகத் தேவைப்படும் என்பதே நீலமேகத்துக்கு அன்றுதான் தெரியும்.

“வர்றவங்க சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் வெயிட் பண்றாங்க?” என்று கேட்டாள் வைஷாலி.

“வெய்ட்டே கெடையாது மேடம். குந்துனா சோறு,” என்றான் நீலமேகம், பெருமையாக.

வைஷாலி அதிகாரியைப் பார்த்தாள். அதிகாரி, ‘காத்திருப்பு வசதி: இல்லை’ என்று வருத்தத்துடன் குறித்துக்கொண்டார்.

“பிரச்சினையே இதுதான்,” என்றாள் அவள். “சென்னையிலேர்ந்து அவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கிட்டு வர்றாங்க. வந்த உடனே சோத்தைப் போட்டு அனுப்பிட்டா அவங்களுக்கு என்ன மரியாதை? திரும்பிப் போய் என்ன சொல்லுவாங்க?”

“நல்லா துன்னோம்னு சொல்லுவாங்க.”

“அதை யார் லைக் பண்ணுவா?”

இதற்குப் பதில் தெரிந்தவர்கள் யாரும் மெஸ் நடத்துவதில்லை.

வைஷாலி பொறுமையாக விளக்கினாள். இந்தக் காலத்தில் பசிக்காக யாரும் வெளியே சாப்பிடுவதில்லை. பசிக்கு வீட்டிலிருந்தே ஆர்டர் போட்டுக்கொள்கிறார்கள். வெளியே வருவது எங்கே அதிக நேரம் காக்கவைக்கிறார்களோ அந்த இடத்தைப் பார்க்கத்தான். வாசலில் கூட்டம் நின்றால் நல்ல ஹோட்டல். உள்ளே கூட்டம் உட்கார்ந்து சாப்பிட்டால் அது சத்திரம்.

“காத்திருப்புக் கூடம் இல்லாத உணவகத்துக்கு நவீனத் தரச்சான்று கிடையாது,” என்று ஹரிகிருஷ்ணன் சட்ட நிலையைத் தெளிவுபடுத்தினார். “தரச்சான்று இல்லைன்னா குத்தகை கிடையாது. கட்டடம் அடுத்த விண்ணப்பதாரருக்குப் போயிடும்.”

அடுத்த விண்ணப்பதாரர் ஆறின காபியைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து விற்கும் ஒரு கம்பெனி. இந்தக் கடையை விட்டால் நீலமேகத்துக்கு வேறு தொழில் இல்லை, வச்சலாவுக்கு வேறு அடுப்பு இல்லை.

“இன்னா சொல்றாங்களோ செய்துடுய்யா,” என்றாள் வச்சலா. “கடை நம்ம கையில இர்ந்தா போதும்.”

செய்தார்கள். பாதி மேஜைகளைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் காத்திருப்புக் கூடம் எழுந்தது. மெத்தை சோபாக்கள், குளிர்சாதனம், சுவரில் பாதியாக அறுத்து மாட்டிய ஒரு படகு, அதற்குள் நீல விளக்கு. கூரையில் மீன்வலை தொங்கியது. கரையிலேயே வலை கிடைக்கும்தான். ஆனால் அதில் மீன் பிடித்திருந்ததால் அது தகுதி பெறவில்லை. சென்னையிலிருந்து மீனையே பார்த்திராத வலையாக வாங்கி வந்தார்கள். பெயர்ப் பலகையும் மாறியது. ‘நீலமேகம் மெஸ்’ என்பது நீளமாக இருப்பதாக வைஷாலி கருதியதால், ‘நீல்’ என்று மட்டும் நின்றது. அந்தப் பெயரில் தன்னை யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நீலமேகம் பழகிக்கொண்டான்.

திட்டம் எதிர்பார்த்ததற்கு மேல் வெற்றியடைந்தது. ஞாயிற்றுக்கிழமை சாலையின் இரண்டு பக்கமும் கார்கள் நின்றன. ஆனால் சோபா எல்லோருக்கும் போதவில்லை. நம் ஜனங்களிடம் ஒரு குணம், உட்கார்ந்திருப்பவனைக் கண்டால் பின்னால் போய் நின்றுவிடுவார்கள். சோபாவில் காத்திருப்பவர்களுக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது. முன்னே இருப்பவர் செல்போனைப் பையில் வைக்கிறாரா, சோம்பல் முறிக்கிறாரா என்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தது.

ஹரிகிருஷ்ணன் நேரில் வந்து பார்வையிட்டார். காத்திருப்பதற்காகக் காத்திருப்போர் நின்றபடி காத்திருப்பது சிறப்புப் பிரிவின் நோக்கத்துக்கு முரணானது என்று குறிப்பு எழுதினார். அவர்களுக்காக ‘முன்காத்திருப்புக் கூடம்’ ஒன்று அமைக்கும்படி உத்தரவாயிற்று. மீதி மேஜைகளும் கழற்றப்பட்டன.

“அப்போ சோறு எங்க துன்றது சார்?” என்று கேட்டான் நீலமேகம்.

“அதுக்குத்தான் உள்ளே கதவு இருக்கே,” என்றார் அதிகாரி.

கதவு இருந்தது உண்மைதான். அதன்மேல் ‘உணவருந்தும் பகுதி’ என்று தங்க எழுத்தில் எழுதியிருந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் மோட்டாரும், கழற்றிப் போட்ட மேஜைகளும் இருந்தன. அன்றிலிருந்து சாப்பாடு சோபாவிலேயே மடியில் வைத்துப் பரிமாறப்பட்டது. அதுவும் நெடுநாள் நீடிக்கவில்லை. குளிர்சாதன அறையில் ஜன்னல் திறக்க முடியாதல்லவா. உணவகத்தில் மீன் வாசனை வருவதாக அண்ணா நகரிலிருந்து வந்த ஒரு குடும்பம் புகார் கொடுத்தது.

“அந்த ஸ்மெல் மொத்த அனுபவத்தையும் கெடுக்குது,” என்றாள் வைஷாலி.

மறு உத்தரவு வரும்வரை சமையலறையின் செயல்பாடு தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. வச்சலா கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

“அட்ப்பு இல்லாம சோத்துக்கு இன்னா சார் பண்றது?”

“சோத்துக்குத் தடை எதுவும் இல்லைம்மா,” என்றார் ஹரிகிருஷ்ணன். “சமைக்கறதுக்குத்தான்.”

கூட்டம் குறைந்துவிடும், கடை படுத்துவிடும் என்று நீலமேகம் பயந்துகொண்டிருந்தான். கூட்டம் ஏறியது. முன்கூடத்தில் காத்திருந்து பெரிய கூடத்துக்கு வந்தவர்களுக்குத் தேர்தலில் ஜெயித்த களை வந்துவிடும். கதவுக்குப் பக்கத்துச் சோபாவில் இருப்பவரை மற்றவர்கள் பொறாமையோடு பார்ப்பார்கள். பிள்ளைகள் அழ ஆரம்பித்ததும், அல்லது பொழுது சாய்ந்ததும், பக்கவாட்டு வழியாக எழுந்து போவார்கள். அந்த வழியில் ‘நான் நீலில் சாப்பிட்டேன்’ என்று எழுதிய பெரிய சுவர் ஒன்றை வைஷாலி வைத்திருந்தாள். அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் ஒருவரும் போனதில்லை. அதைப் பார்த்தவர்கள் அவர்களெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்தார்கள். தங்கள் முறை வந்தபோது அதே சுவர்முன் நின்று சிரித்தார்கள்.

பிறகு இணையத்தில் நட்சத்திரங்கள் குவிந்தன. ‘குழம்பு வேற லெவல்.’ ‘வஞ்சிரம் வாயில் கரைந்தது.’ ‘காத்திருந்ததற்குப் பலன் உண்டு.’ நீலமேகம் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவான். படிக்கிறபோது அவனுக்கே நாக்கில் தண்ணீர் ஊறும்.

“நான் வைக்காத கொயம்புக்கு எனக்கு இன்னாத்துக்குய்யா பேரு?” என்பாள் வச்சலா.

“பேரு வந்துச்சில்ல, வுடு.”

அவள் விட்டுவிட்டாள். தரச்சான்று வந்தது, குத்தகை புதுப்பிக்கப்பட்டது. சான்றைச் சட்டம் போட்டு முன்கூடத்தில் மாட்டினார்கள். மாமல்லபுரம் வரையிலும் உள்ள உணவகங்கள் அனைத்தும் ‘நீல்’ காட்டிய வழியைப் பின்பற்ற வேண்டும் என்று ஹரிகிருஷ்ணன் மேடையில் பேசினார். இனி பயமில்லை என்று நீலமேகம் நிம்மதியாக மூச்சுவிட்டான்.

அப்போதுதான் ஒற்றை நட்சத்திரத்தோடு ஒரு புகார் வந்தது. ‘குழம்பில் உப்பு அதிகம்.’

வச்சலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கைக்கு உப்பு கூடியது கிடையாது. உப்பு குறைந்துபோனது மட்டும் ஒரே ஒரு தரம் உண்டு. அது அவள் அப்பா இறந்த சேதி வந்த அன்று. இப்போது எவனோ ஒருவன் ஊரறிய இப்படி எழுதிவிட்டான். அவள் சாப்பிடவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு கோபத்திலும், குழம்பே வைக்கவில்லையே என்பது அவளுக்குச் சற்று நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

புகாரின் மீது நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்பது விதி. இருவரும் ஹரிகிருஷ்ணன் அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டார்கள்.

“உப்பு அதிகம்னு புகார். உங்க விளக்கம் என்ன?”

“கொயம்பே வைக்கல சார்,” என்றாள் வச்சலா.

ஹரிகிருஷ்ணன் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. குழம்பு வெச்சு உப்பு கூடிப்போச்சுன்னா அது சிறு குறை. எழுதிக் கொடுத்தா மன்னிச்சுடலாம். குழம்பே வைக்கலைன்னா அது உணவகமே இல்லை. உணவகமே இல்லாத இடத்துக்கு உணவகத் தரச்சான்று கொடுத்தது யாரு?”

“நீங்கதான் சார்.”

“அதனாலதான் யோசிக்கச் சொல்றேன்.”

நீலமேகம் வேகமாக யோசித்தான். உண்மையைச் சொன்னால் கடை போகும். பொய்யைச் சொன்னால் வச்சலாவின் கை போகும். அவன் மெதுவாக அவள் பக்கம் சாய்ந்தான்.

“ஒத்துக்கமே. உப்புதானே.”

“உனக்கு உப்புதான்யா,” என்றாள் அவள்.

‘மேற்படி நாளில் எனது கவனக்குறைவால் குழம்பில் உப்பு கூடிவிட்டது. இனிமேல் அளவறிந்து போடுவேன் என்று உறுதி கூறுகிறேன்’ என்ற வாசகத்தின் கீழ் வச்சலா கையெழுத்துப் போட்டாள். போடும்போது அழுதாள். வருத்தம் தெரிவித்தது மனப்பூர்வமானது என்று ஹரிகிருஷ்ணன் கோப்பில் எழுதி முடித்துவைத்தார்.

நீலமேகத்துக்கு ஆறவில்லை. புகார் எழுதியவரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். ராமானுஜம் சார். அணுமின் ஆராய்ச்சி ஆபீஸில் இருப்பவர், மெஸ் ஆரம்பித்த காலத்திலிருந்து மத்தியானம் தவறாமல் சாப்பிட்டவர். அன்றும் பெரிய கூடத்தில் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவன் நேராகப் போய்ப் பக்கத்தில் குந்தினான்.

“இன்னா சார், நீங்களா எய்துனது? எத்தினி வருசமா நம்ம கடையில துன்றீங்க. வச்சலா கைக்கு உப்பு கூடுமா சார்? அந்தக் கை மேல சத்தியமா சொல்லுங்க, இங்க கொயம்பு துன்னீங்களா?”

ராமானுஜம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கோவிச்சுக்காதேப்பா. எங்க ஆபீஸ்ல எல்லாரும் வந்து சாப்பிட்டுட்டுப் போயாச்சு. ஒருத்தர் வஞ்சிரம்ங்கறார், ஒருத்தர் எறாங்கறார். எனக்கு மட்டும் இந்தக் கதவு இன்னும் திறக்கலை. ‘நீங்க இன்னும் சாப்பிடலையா’ன்னு கேக்கறப்போ மானம் போறது. நல்லா இருக்குன்னு எழுதினா, எல்லாரும் எழுதறதைப் பார்த்து எழுதிட்டான்னு நினைப்பாங்க. குறை சொன்னாத்தானே சாப்பிட்டவன்னு நம்புவாங்க?”

“நம்புனாங்களா?”

“நம்பினது மட்டுமா? ஆபீஸே ஒத்துண்டுடுத்து. ‘ஆமாம் சார், அன்னிக்கு உப்பு கொஞ்சம் தூக்கல்தான், நாங்கதான் சொல்லலை’ன்னு அத்தனை பேரும் சொல்லிட்டாங்க.”

நீலமேகம் அந்தக் கதவைப் பார்த்தான். திறந்து மோட்டாரைக் காட்டிவிட வேண்டும் போல ஒரு ஆத்திரம் வந்தது. பிறகு கடையை நினைத்துக்கொண்டான். “வூட்டுல அய்துகினு கீறா சார், ஏதாச்சும் பாத்து எய்துங்க” என்று மட்டும் சொன்னான். ராமானுஜம் நல்ல மனுஷர். அவள் அழுததைக் கேட்டதும் அவருக்கு முகம் வாடிவிட்டது. அங்கேயே செல்போனை எடுத்து, வெகுநேரம் யோசித்து, ஒரு நட்சத்திரத்தை மூன்றாக்கினார்.

மத்தியானக் கூட்டம் கலைந்ததும் நீலமேகம் அதை வச்சலாவிடம் படித்துக் காட்டினான். ‘நிர்வாகம் உடனடியாக நடவடிக்கை எடுத்தது. உப்பு இப்போது சரியாக இருக்கிறது. ஆனால் பழைய ருசி இல்லை.’

இன்னொரு கையெழுத்துக்கு அழைப்பு வருமோ என்று அவன் கலங்கினான். வச்சலா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“ஊரே எய்திச்சி,” என்றாள். “இந்த மன்சன் ஒர்த்தர்தான்யா நெஜமா துன்னுட்டு எய்திகீறாரு.”