பாதி திரும்பி நின்ற இரும்புப் போலீஸ்

கின்ஷாசா,
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் மவுங்கு அவர்களுக்கு,

உங்கள் தங்கை லுக்கேனியின் கணவன் கசாடி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே மின்சாரத்தைத் தவிர அனைவரும் நலம். அங்கும் உங்கள் வீட்டாரும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும்.

மாமாவின் துக்கம் கழிக்கும் விருந்தில் பெரியவர்கள் முதல் குவளையை எடுக்குமுன் மருமகன் வந்து நிற்க வேண்டும், தவறினால் ஓர் ஆடு அபராதம் என்பது உங்கள் வீட்டு வழக்கம். நான் வந்தபோது குவளைகளைக் கழுவிக் கவிழ்த்தேவிட்டார்கள். ஆடுகூடப் பரவாயில்லை, சபை நடுவில் "பொறுப்பில்லாத மருமகன்" என்றீர்களே, அது வலிக்கிறது. ஆகவே நடந்ததைப் படித்துவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

சந்தை அருகே நாற்சந்தியில் இப்போது போக்குவரத்தைப் பார்ப்பது ரோபோ என்கிற இரும்பு மனிதர். இரண்டாள் உயரம், கறுப்புக் கண்ணாடி, நெஞ்சிலும் உள்ளங்கைகளிலும் விளக்குகள். சுழன்று சுழன்று வழி விடுவார். அன்று நான் விருந்துக்குக் காரில் வரும்போது பாதி திரும்பியதும் நின்றுவிட்டார். நெஞ்சில் பச்சை, கையில் சிவப்பு. நான் பிரேக்கில் காலை வைத்தபடி விழித்தேன். இலையில் சுற்றிய மரவள்ளிக் கட்டி விற்கும் பெண், "கையப் பாருங்க பப்பா, நில்லுங்க!" என்றாள். பின்னாலிருந்த டாக்ஸிக்காரன், "நெஞ்சப் பாருய்யா, கை சும்மா அலங்காரம்!" என்று ஹாரனை அமுக்கினான். நிழலில் ஒதுங்கியிருந்த நிஜப் போலீஸ்காரரிடம், "தலைவரே, எதப் பாக்கறது?" என்றேன்.

"என்னக் கேக்காதீங்க. இன்னிக்கு டூட்டி அவருக்கு."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"யோசிக்கிறாரு."

நான் அஞ்சல் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். போலீஸ்காரர் முகமோ முதுகோ காட்டினால் நிற்க வேண்டும், பக்கவாட்டில் நின்றால் போகலாம் என்பது நாங்கள் படித்த பாடம். எனக்கு அவர் பக்கவாட்டில்தான் தெரிந்தார், போனேன். மூலைக்கு மூலையாகத் திரும்பி நிற்பவர் நாலு சாலைக்கும் பக்கவாட்டில்தானே தெரிவார்? மற்ற மூன்று பக்கமும் என்னைப் போலப் பழைய பாடம் படித்தவர்கள் இருந்தார்கள், அவர்களும் வந்தார்கள். நடுவில் மூக்கோடு மூக்கு உரசி நின்றோம், பின்னால் போகவும் இடமில்லை. அந்த நேரம் பார்த்து இரும்பு மனிதர் இனிமையான குரலில், "பாதசாரிகள் இப்போது கடக்கலாம்" என்றார். சந்தையே எங்கள் நடுவே கடந்து போனது. அந்தப் பெண் தட்டிலிருந்த கட்டி முழுவதையும் எங்களிடமே விற்றுத் தீர்த்தாள். யாரோ ஏணி வைத்து ஏறி அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பிய பிறகுதான் வழி கிடைத்தது. இதில் என் பொறுப்பின்மை எங்கே இருக்கிறது, மச்சான்?

அபராதத்தைத் தள்ளுபடி செய்து, சபையில் ஒரு நல்ல வார்த்தையும் சொல்லிவிடுங்கள். ஆண்டவரும் மறைந்த மாமாவும் உங்கள் வாசலைக் காக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
கசாடி

பி.கு.: பிழை பார்க்கச் சொல்லி உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அத்தனையும் நிஜம்தான். ஆனா இது போன வருஷம் ஞானஸ்நானத்துக்குப் போனப்ப நடந்தது. விருந்தன்னிக்கு உங்கள எழுப்பி எழுப்பிப் பாத்துட்டு நான் தனியாக் கிளம்பிப் போனேன்" என்கிறாள். இந்தக் கடிதத்தோடு கயிற்றில் வருவது ஆடு. பெற்றுக்கொள்ளவும்.