செம்மண்டலத்தில் நெட்வொர்க் பிரிண்டர் எழுந்தருளிய வைபவம்

மனித நாகரிகம் சக்கரத்தில் தொடங்கி, கடலூர் செம்மண்டலத்தில் இருக்கும் எங்கள் அலுவலகத்தின் நெட்வொர்க் பிரிண்டரில் வந்து நிறைவு பெற்றது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. சக்கரத்தைக் கண்டுபிடித்தவனுக்கு மேலதிகாரி கிடையாது, சுற்றறிக்கை கிடையாது, தணிக்கை கிடையாது. அவன் பாட்டுக்கு உருட்டிவிட்டுப் போய்விட்டான். நாங்கள் அத்தனையையும் வைத்துக்கொண்டு ஒரு பிரிண்டரை நிறுவினோம். எது பெரிது என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் அலுவலகம் மாவட்டப் பயிர்த்தொழிலாளர் குடும்பநல வாரியம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களின் பிள்ளைகளுக்குச் 'சான்று' வழங்குவது எங்கள் வேலை. அந்தத் தாளைக் காட்டினால் சில படிப்புகளில் அவர்களுக்கென்று ஒதுக்கிய இடம் கிடைக்கும். தலைமை இடம் கடலூர், கிளை சிதம்பரம். நான் கனகசபேசன், கடலூரில் கண்காணிப்பாளர். வீடு சிதம்பரம் கீழவீதி. தினமும் காலையில் பஸ் ஏறிக் கடலூர் வந்து, மாலையில் திரும்புகிறேன். இந்தச் சின்ன விவரத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

புதியது வருவதற்கு முன் எங்களிடம் ஒரு பழைய பிரிண்டர் இருந்தது. உதவியாளர் உத்திராபதியின் மேஜைக்கடியில், ஒற்றை ஒயரில் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி கிடக்கும். பட்டனைத் தட்டினால் கத்திக்கொண்டே தாளைத் துப்பும். அதனிடம் இருந்த ஒரே குறை, வேலை செய்தது. வேறு ஒரு 'தொழில்நுட்பமும்' அதில் இல்லை. வந்தவர்கள் பத்து நிமிடத்தில் சான்றை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஓர் அரசு அலுவலகத்துக்கு இது எவ்வளவு பெரிய கௌரவக் குறைவு!

எனவே மாநிலத் தலைமையகம் கடலூருக்கு ஒன்று, சிதம்பரத்துக்கு ஒன்று என்று இரண்டு நெட்வொர்க் பிரிண்டர்களை அனுப்பியது. இரண்டு ஊர்க் கணினிகளும் பிரிண்டர்களும் இனி ஒரே குடும்பம் என்று சுற்றறிக்கை சொன்னது. எங்கள் மாவட்ட அலுவலர் தட்சிணாமூர்த்தி சார் உடனே கூட்டம் போட்டார். பொருள்: பிரிண்டர் எங்கே உட்காருவது? உத்திராபதி, கணினி இருக்கும் கூடத்திலேயே வைக்கலாம் என்றார். விவரமில்லாத மனிதர். புழுதியும் பொதுமக்களும் புழங்குகிற இடத்தில் அதை எப்படி வைப்பது? ஏசி இருக்கிற ஒரே அறை அலுவலர் அறை. எனவே பிரிண்டர் அங்கே எழுந்தருளியது. சந்தனம் குங்குமம் வைத்து, மாலை சாத்தி, மேலே ஒரு பட்டுத் துணியும் போர்த்தினோம். குளிர் வீணாகக் கூடாது என்று கதவையும் சாத்தினோம்.

நிறுவுவதற்கு ஒப்பந்தக் கம்பெனியிலிருந்து அருண்குமார் என்ற இன்ஜினியர் வந்தார். வந்தது வெள்ளிக்கிழமை காலை பத்தரை. விஷயம் தெரிந்தவர்கள் இந்நேரம் 'ஐயோ' என்றிருப்பார்கள். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு ராகுகாலம். அருண்குமார் ஒயரை எடுத்துச் சொருகப் போனபோது தட்சிணாமூர்த்தி சார் தடுத்துவிட்டார். பன்னிரண்டு அடித்த பிறகுதான் முதல் தாள் வரவேண்டும் என்றார். அருண்குமாரோ, சிதம்பரத்தில் இன்னொரு பிரிண்டர் காத்திருக்கிறது, இரண்டையும் இன்றைக்கே முடித்துக் கையெழுத்து வாங்காவிட்டால் தன் வேலை போய்விடும் என்று கெஞ்சினார்.

"அப்ப நீங்க சிதம்பரம் போயிருங்க தம்பி. அங்கேருந்தே பண்ணலாமுல்ல? நெட்வொர்க்குதான?" என்றார் சார்.

அந்த நேரத்தில் அப்படி ஒரு யோசனை எத்தனை பேருக்கு வரும்! ஒயரை மட்டும் மாட்டுவதற்கு ராகுகாலம் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டது. அருண்குமார் ஓடினார். பன்னிரண்டரைக்கு மேல் சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. எல்லாம் தயார், டெஸ்ட் பேஜ் கொடுங்கள் என்றார். கூடத்தில் சூடம் ஏற்றினோம். தட்சிணாமூர்த்தி சார் கிழக்கு பார்த்து நின்று, தம் திருக்கரத்தால் பட்டனைத் தட்டினார். ஒரு கணம் அலுவலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. போனில் அருண்குமார் குரல் கேட்டது: "வந்துடுச்சு சார்!"

கைதட்டினோம், தேங்காய் உடைத்தோம், சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டோம். 'தாள் வந்தது, திருப்தி' என்று சார் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். சிதம்பரத்தில் இருக்கிற மனிதர், கடலூரில் சாத்திய கதவுக்குப் பின்னால் வந்த தாளை எப்படிப் பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. அறைக்குள் தாளைக் காணோமே என்று சார் நினைத்தபோது நான் எடுத்துக் கோப்பில் வைத்திருப்பேன் என்று எண்ணிக்கொண்டார். நான், சார் எடுத்துப் பூஜையறைக்குக் கொண்டுபோயிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். ஒருவர் மேல் ஒருவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அதுவுமில்லாமல் நான் சிதம்பரத்துக்காரன். திரைக்குப் பின்னால் ஒன்றும் தெரியாததைக் கும்பிட்டே வளர்ந்தவன்.

திங்கட்கிழமை ரத்தினம்மாள் வந்தார். பரங்கிப்பேட்டைப் பக்கத்து ஊர், நடவு வேலை. மகள் பவானிக்குச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் நர்சிங் இடம் கிடைத்திருந்தது. வியாழக்கிழமை மாலைக்குள் சான்றைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அந்தக் குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டுகிற முதல் ஆள் பவானி. இதையெல்லாம் அந்த அம்மாள் கேட்காமலே சொன்னார். உத்திராபதி பட்டனைத் தட்டினார்.

தாள் வரவில்லை.

மறுபடியும் தட்டினார். நான் தட்டினேன். சார் வந்து, கிழக்கு பார்த்துத் தட்டினார். உள்ளே போய்ப் பட்டுத் துணியை விலக்கிப் பார்த்தோம். பிரிண்டர் தியானத்தில் இருந்தது. நெட்வொர்க் என்றால் தாள் பல இடங்களைச் சுற்றித்தான் வரும், நாளைக்கு வந்துவிடும் என்று சார் அந்த அம்மாளுக்கு விளக்கினார். அவரும் எங்கள் நம்பிக்கையில் பாதியைக் கடனாக வாங்கிக்கொண்டு போனார்.

செவ்வாய் காலை சிதம்பரக் கிளையிலிருந்து ஸ்ரீமதி மேடம் போன் செய்தார். நேற்று முழுக்க அங்கே பிரிண்டர் நிறுத்தாமல் அடித்துத் தள்ளியதாம், எல்லாத் தாளிலும் ரத்தினம்மாள் மகள் பவானியின் பெயராம், இவர்கள் யார், என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அப்போதுதான் விளங்கியது. அவசரத்தில் அருண்குமார் எங்கள் கணினிக்குச் சிதம்பரத்துப் பிரிண்டரைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை வந்த டெஸ்ட் பேஜும் அவர் மூக்குக்கு முன்னால்தான் வந்திருக்கிறது.

சாதாரண அலுவலகமாக இருந்தால் அருண்குமாரைக் கூப்பிட்டுச் சரிசெய்திருக்கும். நாங்கள் அவசரப்படவில்லை. புகார் கொடுத்தால், 'தாள் வந்தது, திருப்தி' என்று சார் போட்ட கையெழுத்து என்ன ஆவது? பொய்க் கையெழுத்து என்றாகிவிடாதா? பழைய பிரிண்டரை மாட்டட்டுமா என்று உத்திராபதி கேட்டார். அது பழுதானது என்று எழுதிக் கழித்துவிட்டோம். செத்துப்போனதாக எழுதியதை எழுப்பி வேலை வாங்கினால் தணிக்கையில் யார் பதில் சொல்வது? எதிர்க்கடையில் ஜெராக்ஸ்காரரிடம் அடிக்கலாம் என்றார். அரசுச் சான்று ஜெராக்ஸ் கடையில் பிறந்தது என்றால் அதற்கு என்ன மரியாதை என்று சார் கேட்டார். உத்திராபதி வாயை மூடிக்கொண்டார். அன்றைக்குத்தான் அவர் உருப்படியாக ஒரு வேலை செய்தார்.

கூட்டம் மாலைவரை நடந்தது. முடிவில் 'இரு நகர் ஒருங்கிணைந்த சேவை' பிறந்தது. கடலூரில் பட்டனைத் தட்டுவோம், சிதம்பரத்தில் தாள் வரும், அதைக் கடலூருக்குக் கொண்டுவந்தால் சார் கையெழுத்துப் போடுவார், அதைச் சிதம்பரத்தில் போய்க் காட்டிக்கொள்ளலாம். எத்தனை எளிமை! கொண்டுவருவது யார் என்பது மட்டும் பாக்கி.

புதன்கிழமை ரத்தினம்மாள் தாமே சிதம்பரக் கிளைக்குப் போய்க் கேட்டிருக்கிறார். கையெழுத்தில்லாத அரசுத் தாளைப் பொதுமக்கள் கையில் கொடுக்க விதி இல்லை, தபாலில் கடலூருக்கு அனுப்பிவிடுகிறோம் என்றிருக்கிறார் ஸ்ரீமதி மேடம். தபால் வெள்ளிக்கிழமைதான் போகும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கணுமே என்று அந்த அம்மாள் முனகினாராம். மேடம் ரொம்ப வருத்தப்பட்டார்.

அன்று சாயங்காலம் நான் வழக்கம்போல வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். முட்லூரில் ரத்தினம்மாள் நின்றுகொண்டிருந்தார். நான் தினமும் அந்த பஸ்ஸில் வருவேன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் ஏறி, என் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மடியில் இருந்த டிபன் பையை நான் சரிசெய்துகொண்டேன்.

"நீங்க சிதம்பரந்தான சார்? நாளைக்குக் காலையில அந்த ஆபீசுல ஒரே ஒரு தாள வாங்கிக்கிட்டு வந்தீங்கன்னா, ஐயா கையெழுத்துப் போட்டுருவாரு. நான் பத்து மணிக்கே வந்து நிக்கிறேன். மத்தியானத்துக்குள்ள காலேஜுல கொண்டுபோயிக் குடுத்துருவேன். எம்பொண்ணு ராவெல்லாம் தூங்கல சார்."

அந்த அம்மாளுக்கு நான் பொறுமையாகவே விளக்கினேன். சிதம்பரக் கிளையின் தாளைக் கடலூர்க் கண்காணிப்பாளர் பையில் சுமந்தால் தபால் பிரிவு என்று ஒன்று எதற்கு? நாளைக்கு என் டிபனில் இருக்கும் சாம்பார் அதன்மேல் கொட்டினால் யார் பொறுப்பு? இன்றைக்கு உங்களுக்குச் செய்தால் நாளைக்கு ஊரே கேட்கும். "ஆபீஸ் பொருளுன்னா தபால்லதாம்மா போவணும். கையில எடுத்துக்கிட்டுப் போறதுக்கு இது கத்தரிக்காயா?" என்றேன். அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்றார். விதிகளை எளிய உதாரணத்தோடு சொன்னால் மக்கள் புரிந்துகொள்கிறார்கள்.

வியாழன் போனது. தபால் வெள்ளிக்கிழமை புறப்பட்டு, திங்கட்கிழமை கட்டாக வந்து சேர்ந்தது. சார் ஒரு தாளையும் விடாமல் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். கடமை என்றால் அவருக்குக் கை வலி தெரியாது.

அடுத்த மாதம் எங்களுக்கு மகுடம் கிடைத்தது. எந்த அலுவலகம் எவ்வளவு தாள் செலவழித்தது என்று தலைமையகம் கணக்கெடுத்ததில், கடலூரில் புது பிரிண்டர் வந்த நாளிலிருந்து ஒரு தாள்கூடச் செலவாகவில்லை என்று தெரியவந்தது. மாநிலத்திலேயே இப்படி ஓர் அலுவலகம் கிடையாதாம். 'காகிதச் சிக்கனக் கேடயம்' எங்களுக்கே என்று அறிவித்து, பித்தளையில் பளபளவென்று அனுப்பிவைத்தார்கள்.

விழா எடுத்தோம், ராகுகாலம் தவிர்த்து. புகைப்படத்தில் 'பயனாளி' ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார் சார். சான்று தயாராக இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ரத்தினம்மாளுக்குப் போன் செய்தோம். அடுத்த வருஷத்துக்காவது ஆகட்டும் என்று வந்தார். பவானி வரவில்லை. கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருக்கிறாளாம், நிற்கிற வேலை, மதியம் லீவு தரமாட்டார்களாம். சார் மொத்தக் கட்டையும் அவர் கையில் கொடுத்து, பிரிண்டருக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, சிரிக்கச் சொன்னார். புது மிஷின், தொடக்கத்தில் கொஞ்சம் தொந்தரவு கொடுத்துவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்லவும் செய்தார்.

அந்த அம்மாள் கட்டைப் புரட்டிப் பார்த்தார். எல்லாத் தாளிலும் அவர் முதன்முதலில் வந்து கேட்ட அந்தத் திங்கட்கிழமைத் தேதி.

"மிஷின ஒன்னும் சொல்லாதீங்க ஐயா. நான் கேட்ட அன்னைக்கே அது அடிச்சிக் குடுத்துருக்குது. நீங்க தட்டத் தட்ட, சலிக்காம குடுத்துக்கிட்டே இருந்துருக்குது. குடுக்காதது நீங்கதான்," என்றார்.

ஒரு தாளை மட்டும் எடுத்து மடித்து ரவிக்கையில் வைத்துக்கொண்டு, மீதியை மேஜைமேல் வைத்துவிட்டார். போட்டோகிராபர் அந்த நேரம் பார்த்துக் கிளிக் செய்துவிட்டதால் படத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவர் சொன்னது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் சேராதபடி நான் பார்த்துக்கொண்டேன். 'பயனாளி நன்றி கூறினார்' என்று முடித்தேன்.

கேடயத்தை ஒரு வாரம் சிதம்பரக் கிளையில் வைத்தால், அங்கே தாளைக் கண்டபடி செலவழிக்கிறவர்களுக்குப் புத்தி வரும் என்று சார் நினைத்தார். எப்படி அனுப்புவது என்று யோசிக்கக்கூட இல்லை. நான் தினமும் போகிறவன்தானே! அன்று சாயங்கால பஸ்ஸிலேயே ஜன்னலோரம் உட்கார்ந்து, கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டேன். டிபன் பையைக் காலடியில் தள்ளிவிட்டேன். ஏறுகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்தார்கள், எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. பின் சீட்டில் ரத்தினம்மாள் இருப்பதை நான் கவனிக்கவில்லை.

முட்லூரில் பஸ் நின்றது. அவர் இறங்குவதற்காக முன்னால் வந்தார். என் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்று, மடியில் இருந்ததைப் பார்த்தார். அவர் குரலில் கோபமே இல்லை. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர் மாதிரிதான் கேட்டார்.

"இது தபால்ல போவாதா சார்?"