வெள்ளிமலை வைத்தியரும் மைக்செட் அண்ணனும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பயந்தவர்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தால் எங்கள் மைக்செட் அண்ணன்தான் ஆயுட்காலத் தலைவர். பதவியேற்கத்தான் வரமாட்டார், மாலைக்குள் குளவி இருக்குமோ என்று பயம்.

கச்சிராயபாளையத்தில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான். பல்லி, லிஃப்ட், ஊசி எல்லாவற்றுக்கும் நடுங்குவார். பெரிய நடுக்கம் ஃபேஸ்புக். அதில் யாராவது நட்பு கேட்டால் நேராக மைக்கில் விசாரணை வைத்துவிடுவார்.

ஒருமுறை பந்தி நடக்கும்போதே அறிவித்தார்: “சிங்கப்பூர் சீதான்னு ஒருத்தங்க நட்பு கேட்டுக்கினு கீறாங்க. யாரு வூட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சவங்க மைக் பக்கம் வரவும்.”

யாரும் வரவில்லை. மீசை வைத்த பெரியவர் ஒருவர் மட்டும் பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்து போனார்.

தான் போடும் பதிவையும், பெயர், அப்பா பெயர், தெருப் பெயர் சொல்லி முதலில் மைக்கில் படித்துவிட்டுத்தான் போடுவார். வாயால் சொல்லக் கூசுவதை விரலால் சொல்லக்கூடாதாம். விழுந்து விழுந்து சிரித்தவன் நான்.

நான் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் தட்டுகிறவன். என் சொந்த முகத்துக்கு என் மனைவிகூட லைக் போட்டதில்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வெள்ளிமலைக்குப் போய், நான்கு நாள் தாடியோடும் காவித் துண்டோடும் கையில் ஒரு செடியோடும் படம் எடுத்துக்கொண்டேன். “இன்னாத்துக்குங்க களைய புட்ச்சிக்கினு நிக்கறீங்க?” என்று தினைக்காட்டுக்காரர் கேட்டார். அந்தக் களையோடுதான் ‘வெள்ளிமலை வைத்தியர்’ ஃபேஸ்புக்கில் அவதரித்தார்.

லைக்குகள் குவிந்தன. ‘தென்பெண்ணைத் தென்றல்’ என்று ஒரு நண்பர் கிடைத்தார். ரோஜாப்பூ படம், ஊர் திருக்கோவிலூர். அதற்குமேல் விவரம் கிடையாது. சர்க்கரைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள், மலைக்காற்றை நினைத்து மூச்சை இழுங்கள் என்று எழுதினேன். எனக்கு அது நகைச்சுவை. ‘ஐயா சொன்னபடி நிறுத்திவிட்டேன்’ என்று பதில் வந்தது.

பதறிப்போய், நான் வைத்தியனே இல்லை, மாத்திரை போடுங்கள் என்று பத்து முறை எழுதினேன். மூன்று நாளாகியும் அவர் எதையும் பார்க்கவில்லை. யாரைத் தேடுவது? ரோஜாப்பூவையா? அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், கொன்றவன் களையோடு நிற்கும் நான்தான்.

மைக்செட் அண்ணனிடம் ஓடினேன். கேட்டதும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு வார்த்தை திட்டவில்லை. மினி வேனில் ஸ்பீக்கரைக் கட்டினார்.

திருக்கோவிலூர் கடைத்தெருவில் மைக்கை என் கையில் கொடுத்து, பெயரோடு சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“நான் வைத்தியர் இல்லீங்க. அந்தக் காவித் துண்டு குளிச்சிட்டுத் துவட்டறது. தென்றல் சார், எங்க இருந்தாலும் சர்க்கரை மாத்திரையப் போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

கடைக்காரர்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் கல் தேடினார்கள். தெருத்தெருவாகப் போனோம். நாலாவது தெருவில் என் குரல் அடைத்துவிட்டது. அண்ணன் மைக்கை வாங்கி, தன் பெயர், அப்பா பெயர், தெரு எல்லாம் சொல்லி, தப்பு செய்தவர் தன் சிநேகிதர் என்று தொடர்ந்தார்.

ஏழாவது தெருவில் ஒரு அம்மா வேனை மறித்தார்.

“சர்க்கரைன்னு சொன்னீங்களே, எங்க வூட்டுக்காரரு மூணு நாளா தல சுத்திக்கினு படுத்துகினு கீறாரு. மாத்திர எங்கன்னு கேட்டா, வைத்தியரு இருக்காருன்னாரு. அது நீதானா?”

“நான்தாங்க” என்றேன். அறை விழும் என்று கன்னத்தை ரெடி செய்தேன். அந்த அம்மாவுக்கு அதற்கு நேரமில்லை. தென்றலைத் தூக்கி ஸ்பீக்கருக்குக் கீழே படுக்கவைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினோம். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்றார் டாக்டர். சாயங்காலம் தென்றல் கண் விழித்து, தாடியில்லாத என்னைப் பார்த்து, யார் என்று கேட்டார்.

திரும்பும் வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். அண்ணன் கையில் டம்ளர் தாளம் போட்டது.

“அடிச்சிடுவாங்களோன்னு பயந்துட்டன் தம்பி.”

“அப்புறம் ஏன்ணே வந்தீங்க?”

“பின்ன, உன்னத் தனியாவா அனுப்பறது?”

அந்த டம்ளரை வாங்கி, ஆற்றி, சிந்தாமல் அவர் கையில் கொடுத்தேன்.