சென்னை பக்கத்தில் வந்த வரலாறு

மனிதகுலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. அதற்கடுத்த பெருஞ்சாதனை, பம்பாய் செம்பூர் ஆலை ஒன்றில் தொழிலாளர் விவகாரம் பார்க்கும் பர்சனல் ஆபீசர் பஞ்சாபகேசனுடையது. 1965-இல் அவர் பம்பாய்க்கும் சென்னைக்கும் இடையிலிருந்த தூரத்தை ஒழித்தார்.

ஊருக்குப் போகும் தொழிலாளிக்கு லீவோடு ரயிலில் கழியும் நாட்களையும் சேர்த்துக் கொடுப்பது அதுவரை ஆலையின் வழக்கம். கம்பெனிச் செலவில் ஒருமுறை ஜெட் விமானத்தில் சென்னை போய் இறங்கிய பஞ்சாபகேசனுக்கு ஞானம் பிறந்தது. திரும்பியதும் 'உயர்மட்டக் கமிட்டி' ஒன்றைக் கூட்டினார். தலைவர், செயலர், உறுப்பினர் எல்லாம் அவரே. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: 'சென்னை இரண்டு மணி நேரத்தில் இருப்பதால் பிரயாண நாட்கள் ரத்து.'

இந்த முன்னேற்றத்தை முதலில் அனுபவிக்கும் பேறு லேபர் கேம்ப் குடிசைப் பகுதியில் இருந்த செல்லத்துரைக்கு வாய்த்தது. அவனுக்கு லேத் மெஷினில் வேலை. அது நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் பாக்கி. திருநெல்வேலியில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காராமல் அந்தப் பக்கத்தில் எந்தப் பிள்ளைக்கும் காது குத்துவதில்லை.

"ரெண்டு நாள் லீவு. தாராளம்," என்றார் பஞ்சாபகேசன்.

"ரயில்ல போய்ச் சேரவே ரெண்டு நாளைக்கு மேல ஆவுமே, சார்!"

"ரயில்ல யார் போகச் சொன்னா? பிளேன் இருக்கே."

"அதுக்குத் துட்டுக்கு எங்க சார் போவேன்?"

"நீ எதுல போறேங்கறது உன் சொந்த விஷயம். கம்பெனி அதுல தலையிடாது."

தொழிலாளியின் அந்தரங்கத்தை இவ்வளவு மதிக்கும் அதிகாரியைச் செல்லத்துரை கண்டதே இல்லை.

"மடிதானே பிரச்னை? நம்ம மெட்ராஸ் பிராஞ்ச் மானேஜரை அனுப்பறேன். உன் பிரதிநிதியா உக்காரட்டும்."

"தாய்மாமனுக்குப் பிரதிநிதி கெடையாது சார்."

"அப்போ உங்க வழக்கத்தைத்தான் மாத்தணும். இன்னொண்ணு. 'அம்மாவுக்குச் சீக்கு'ன்னு அங்கேர்ந்து தந்தி அடிச்சு லீவை நீட்டினியோ, வேலை போயிடும்!"

பக்கத்து லேத்காரர் ரஹ்மத்துல்லா கேட்டுவிட்டுச் சிரித்தார். "பொறப்படும் வே! குண்டக்கல் தாண்டிட்டா லீவைத் தாண்டுத தைரியமும் தன்னால வரும். அவன் க்யா கரேகா? என்ன செஞ்சிருவான்?"

அன்றிரவே செல்லத்துரை ரயிலேறினான். மடியில் பட்டுப்பாவாடையும் தோடும் வைத்த சீர்ப் பை.

மறுநாள் சாயங்காலம் குண்டக்கல் வந்தது. தைரியம் வரவில்லை.

பாதி வழியில் பாதி லீவு தீர்ந்திருந்தது. எதிர் சீட்டில் பாளையங்கோட்டைக்குப் போகும் பாத்திரக்கடை நெல்லையப்பன். செல்லத்துரை பையை அவரிடம் நீட்டினான்.

"அண்ணாச்சி, இத எந் தங்கச்சிகிட்டக் குடுத்திருங்க. விலாசம் உள்ள இருக்கு."

"மாமன் எங்கன்னு கேட்டா என்னடே சொல்ல?"

"பக்கத்துலதான் இருக்கான்னு சொல்லுங்க."

இறங்கிவிட்டான்.

மூன்றாம் நாள் காலை, ஆலைச் சங்கு ஊதும்போது அவன் லேத் முன்னால் நின்றான். பஞ்சாபகேசன் புளகாங்கிதம் அடைந்தார். உடனே கூட்டம், உடனே மாலை.

"திருநெல்வேலிக்குப் புறப்பட்டு, குறித்த நேரத்தில் வேலைக்குத் திரும்பிய முதல் தொழிலாளி! இது விஞ்ஞானத்தின் வெற்றி!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. மாலையைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் செல்லத்துரை மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று முதல் அந்த ஆலையிலிருந்து ஊருக்குப் புறப்பட்டவர்கள் அத்தனை பேரும் குறித்த நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். ஊர் போய்ச் சேர்ந்தவர்தான் இதுவரை ஒருவரும் இல்லை.